ஐந்து சுற்று ஆக்சில்

ராக்கப்பன் பேசியது முழுக்கப் பென்சனிடம்தான். ஆக்சிலுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து கையெல்லாம் கிரீஸாக இருந்தவள் ஸ்வீட்லின்.

“சாருக்கு எந்த மாதிரி வேணும்? வண்டி எம்புட்டு வேகம் போகணும் சார்?”

பென்சன் செட்டியார்பட்டியில் செல்போன் கடை வைத்திருப்பவன். சைக்கிளில் செயின் கழன்றாலே தெருவில் யாரையாவது கூப்பிடுவான். சொந்தமாக ஒரு காரைக் கட்டிக்கொண்டிருந்தது அவன் மனைவி ஸ்வீட்லின்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள், ராஜபாளையத்து மில் ஒன்றில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் சதுரக் குழாய்களை வெல்டு வைத்துச் சட்டம் கட்டி, லாரி இடித்துப் பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு வேனின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அதில் உட்கார வைத்திருந்தாள். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காதென்று தெரியும். அதில் அவளுக்கு ஆசையும் இல்லை. அய்யனார் கோவில் பக்கம் மலையடிவாரத்தில் மாமியாரின் தென்னந்தோப்பு இருந்தது. அந்த மேட்டில் ஏறி இறங்கினால் போதும். பின் சக்கரங்களைச் சுழற்றும் டிப்ரன்ஷியல் பல்சக்கரம் உள்ளே வைத்த பின் ஆக்சில் ஒன்றுதான் பாக்கி. அதற்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, ராக்கப்பனின் பழைய வண்டிச் சாமான் யார்டுக்கு வந்திருந்தார்கள்.

யார்டில் அவள் சட்டத்தின் அகலத்துக்குச் சரியாக இரண்டு ஆக்சில்கள் கிடந்தன. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். விவரம் பொறித்து ஒட்டியிருந்த தகடுகள் எப்போதோ விழுந்துவிட்டன. உள்ளே இருக்கும் பல்சக்கரம் எதுவென்று சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். சக்கரம் மாட்டுகிற டிரம்களில் ஒரு பக்கத்ததைக் கட்டை வைத்து அசையாமல் நிறுத்தினாள். மறுபக்கத்தை முழுசாக இரண்டு சுற்று சுற்றினாள். இன்ஜினிலிருந்து வரும் தண்டு மாட்டுகிற மூக்கில் சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை முறை வருகிறதென்று எண்ணினாள். முதல் ஆக்சிலில் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவதில் ஐந்து சொச்சம்.

“இதுதான்” என்றாள். “பின்னால ஜீப் சக்கரம் மாட்டப் போறோம், பெருசு. இன்ஜின் சின்னது. அஞ்சு சுத்து இருந்தாத்தான் மேட்டுல இழுக்கும்.”

“வேகமாப் போற ஆக்சில் அதுதான் சார்” என்று ராக்கப்பன் முதலாவதைப் பென்சனுக்குக் காட்டினார். “இதுல என்ன இருக்கு?”

“எனக்கு இதுதான் வேணும்” என்று அழுத்திச் சொல்லிவிட்டு, ஆயில் சீல் வாங்க எதிர்க்கடைக்குப் போனாள் ஸ்வீட்லின். திரும்பி வருவதற்குள் லோடு ஆட்டோவில் சாமான் ஏறி, மேலே தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. வழியெல்லாம் பென்சன் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிக்கொண்டு வந்தான்.

வீட்டில் இறக்கி, மூக்கைப் பார்த்தாள். சாக்பீஸ் கோடு இல்லை. டிரம்மைப் பிடித்துச் சுற்றினாள். நாலுக்குக் குறைவு.

“இது அது இல்லையே.”

பென்சன் கழுத்தைச் சொறிந்தான். “நீ அங்கிட்டுப் போனதும் ஒருத்தர் வந்து அதைக் கேட்டாரு. ரெண்டும் ஒன்னுதான், இது இன்னும் உசத்தின்னு ராக்கப்பன் சொன்னாரு. நாலு பேரு நிக்காங்க. அங்க போயி எதுக்குச் சண்டைன்னு சரின்னுட்டேன்.”

“சரின்னு சொல்ல நீங்க யாரு?”

“என்ன இப்படிக் கேக்கே?”

“பின்ன எப்படிக் கேக்க? மண்ணுல உக்காந்து எண்ணினது நான். உங்களுக்கு எது எதுன்னு தெரியுமா? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? செத்த நேரம் பொறுங்க, அவ வரட்டும்னு சொன்னா உங்க தலை எறங்கிருமா? அதையும் தார்ப்பாயைப் போட்டு மூடிக் கொண்டாந்திருக்கீங்க!”

மூடியதுதான் அவளை அதிகம் எரித்தது. ஏமாந்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பாள். மூடத் தெரிந்தவனுக்கு, செய்தது தப்பென்றும் தெரிந்திருக்கிறது. அன்று இரவு அவள் அவனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, அதே ஆக்சிலை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். கூப்பிடாமலே பென்சனும் ஏறிக்கொண்டான்.

ராக்கப்பன் அவளைத் தாண்டிப் பார்த்தார். “என்ன சார், நீங்கதான சரின்னீங்க? வித்த சாமானைத் திருப்பி எடுக்கிறதில்ல. வீட்டுல பேசி முடிச்சிட்டு வரப்படாதா?”

“வீடு நான்தான். எங்கிட்டப் பேசுங்க” என்றாள் ஸ்வீட்லின்.

அவர் சிரித்தார். ஆக்சிலின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிக் கல் வைத்தார். தூக்கிய பக்கத்து டிரம்மை ஒரே ஒரு சுற்று சுற்றினார். மூக்கு ஏறக்குறைய இரண்டு முறை வந்தது. “பாருங்க சார், இது ரெண்டு. அது ரெண்டரை. அரைச் சுத்துக்கா ஒரு பொம்பளை இம்புட்டுச் சண்டை போடுது?”

“ஒரு சக்கரம் தரையில நின்னா மத்தது ரெண்டு மடங்கு ஓடும். அப்ப கணக்கும் பாதிதான் வரும். நீங்க சொல்ற அரை நெசத்துல ஒன்னுக்கு மேல. மேட்டுல ஏத்திப் பாருங்க, கிளட்ச் கருகிப்போகும்.”

“கார் ஓடும்லா? அம்புட்டுத்தான் தாயி. எனக்கு வேலை கெடக்கு.”

அவருக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. சாமான் வாங்க வந்திருந்த இரண்டு பேர் பல்லைக் காட்டினார்கள். பென்சன் அவள் முழங்கையைத் தொட்டு, “விடு ஸ்வீட்லின், வேற எங்கயாச்சும் பாப்போம்” என்றான். அவள் கையை உதறினாள். ராக்கப்பன் மேல் இருந்த கோபத்தைவிட அந்த ‘விடு’ மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

வாசலில் இரும்பு தூக்கிக்கொண்டிருந்த தவசிமுத்து அவர்கள் வெளியே வந்ததும் பின்னாலேயே வந்தார். “சேத்தூர் இருளப்பசாமிதான் அதைக் கொண்டு போனாரு. டிராக்டருக்குப் பின்னால மாட்டுத டிரெயிலருக்காம். சீக்கிரம் போங்க, உள்ள உள்ளதை எல்லாம் வெட்டி எடுக்கணும்னாரு.”

இருளப்பசாமியின் களத்தில் அவளுடைய ஆக்சில் இரண்டு கட்டைகள் மேல் கிடந்தது. சக்கரம், டிரம் எல்லாம் கழற்றியாகிவிட்டது. வெல்டர் கேஸ் கட்டரைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

“வெட்டாதீங்க! அண்ணே, வெட்டாதீங்க!” என்று ஆட்டோ நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினாள்.

“ஏட்டி, யாரு நீ? என் களத்துல வந்து என்னையே நிப்பாட்டுதே?” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் இருளப்பசாமி. அவர் மனைவி வெள்ளத்தாயும் மாட்டுக் கொட்டிலிலிருந்து வந்து நின்றாள்.

ஸ்வீட்லின் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள். மூக்கிலிருந்த சாக்பீஸ் கோட்டைக் காட்டினாள்.

“அதெல்லாம் சரி. இதுதான் பாரம் தாங்கும், மத்தது ஒடிஞ்சிரும்னு அந்த ஆளு சொன்னானே?”

“வெளிக்கூடு ரெண்டுக்கும் ஒன்னுதான் அண்ணே. நீங்களே அளந்து பாருங்க. உள்ள பல்லுதான் வேற. உங்க டிரெயிலரை டிராக்டர் இழுக்கப் போகுது, பல்லே வேண்டாம், வெட்டி எறியத்தான போறீங்க? எனக்கு அந்தப் பல்லுதான் வேணும்.”

இருளப்பசாமி கயிறு கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் நீளம், சுற்றளவு எல்லாம் அளந்தார். அளக்க அளக்க முகம் சிவந்தது. “எங்கிட்ட ஒரு பேச்சு, உங்கிட்ட ஒரு பேச்சா? என்னையும் கிறுக்கனாக்கிட்டானே!” என்று ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார். வெள்ளத்தாய் காதைப் பொத்திக்கொண்டாள்.

“மாத்திக்கோ தாயி. ஆனா கழட்டுனதை எல்லாம் நான் மாட்டித் தரமாட்டேன். வெல்டருக்கு நேரமாகுது.”

“நானே மாட்டிக்கிடுதேன்.”

உச்சி வெயிலில் உட்கார்ந்து டிரம்களை மாட்டினாள். பென்சன் போல்டுகளைத் துடைத்துத் துடைத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஆக்சில் சட்டத்தில் உட்கார்ந்த பிறகு, இன்ஜினிலிருந்து அதற்கு வரும் தண்டு நீளமாக இருந்தது. வெட்டிக் குறைக்க ராஜபாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனார்கள். பட்டறைக்காரர் தண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பென்சனிடம் திரும்பினார். “எம்புட்டு சார் குறைக்கணும்?”

பென்சன் ஒரு நொடி ஸ்வீட்லினைப் பார்த்தான். “எனக்கு இதுல ஒன்னும் தெரியாது. வண்டி அவ கட்டுறது. அவகிட்டக் கேளுங்க” என்று பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

பட்டறைக்காரர் பேனாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தார். ஸ்வீட்லின் அளவைச் சொன்னாள், ஜாயின்ட் எந்தக் கோணத்தில் வர வேண்டும் என்றும் சொன்னாள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது வாசலுக்கு வந்தாள்.

“டீயைக் குடிச்சிட்டு உள்ள வாங்க.”

“நான் எதுக்கு? நீதான பேசணும்?”

“பேசுறது நான்தான். உங்களை யாரு வெளிய போகச் சொன்னா? பக்கத்துல நிக்கக்கூடத் தெரியாதா?”

அவள் குரலில் சூடு இன்னும் இருந்தது. பென்சன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தான். லேத் இரைச்சலில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, தண்டு அறுபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.