கோபிசங்கரின் பன்னிரண்டு பாடங்கள்

இணுவிலிலிருந்து கொக்குவில்வரை சைக்கிள் மிதித்து வந்தும் சிவசுப்பிரமணியத்தாரின் சால்வை கசங்கவில்லை. கையில் மகனின் நினைவுப் புத்தகமான கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியில், இறந்தவர் பெயரில் தேவாரமும் குடும்ப வரலாறும் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். அவர் அதோடு நிற்கவில்லை. பைதன் என்ற கணினி மொழியைப் பழக்குவதற்காகக் கோபிசங்கர் தமிழில் எழுதி இணையத்தில் போட்டிருந்த பன்னிரண்டு பாடங்களையும் எழுத்துப் பிசகாமல் அதில் சேர்த்திருந்தார். அது நடந்து ஏழு ஆண்டுகள்.

இப்போது அந்தப் பாடங்களை இணையத்திலிருந்து எடுக்கப்போகிறார்களாம். பைதன் எழுதும் இளைஞர்கள் அன்று காலை ரியூசன் கொட்டிலொன்றில் அதற்காகவே கூடியிருந்தார்கள்.

"கோபி அண்ணை கட்டின பாலம் எண்டதுக்காக, உளுத்தாப்பிறகும் பிள்ளையளை ஏத்தேலுமோ?" என்றாள், குழுவை நடத்தும் பிரதீபா.

"உமக்கு அரிச்சுவடி சொல்லித் தந்ததே அந்தப் பாடந்தானே!" என்றான் லோஜன். "இப்ப பெரிய ஆளாகீட்டீர். 'இது பழசு' எண்டு மேலை ஒரு குறிப்புப் போட்டாக் காணும்."

சிவசுப்பிரமணியத்தார் எழுந்தார்.

"என்ரை பிள்ளையின்ரை தலைமாட்டிலை 'பழசு' எண்டு பலகை குத்தப்போறியளோ? கல்வெட்டிலை ஏறின எழுத்து. அதிலை ஆரும் கை வைக்கேலாது."

பிரதீபா தன் லப்டொப்பை அவர் பக்கம் திருப்பினாள். "முதலாம் பாடத்தை நீங்களே அடிச்சுப் பாருங்கோ ஐயா."

அவர் தபாலதிபராக இருந்தவர், தட்டச்சு தெரியும். கல்வெட்டைப் பார்த்து அடித்தார். திரையில் சிவப்பாகப் பிழை என்று வந்தது. மீண்டும் அடித்தார். மீண்டும் சிவப்பு.

"உந்த மெசின் பழுதாக்கும்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பிழை அண்ணையிலை இல்லை. மொழி மாறிப்போச்சு. அவருக்கும் அது தெரியும்." குழுவின் பழைய உரையாடல் ஒன்றை அவள் திறந்து காட்டினாள். காய்ச்சல் கோபிசங்கரைக் கொண்டுபோவதற்கு ஒரு மாதம் முந்திய திகதி.

*என்ரை பழைய பாடங்களை எடுத்துவிடுங்கோ. பிள்ளையள் பிழையாப் பழகக் கூடாது. புதுசா எழுதுறன், அஞ்சு முடிஞ்சுது.*

"அவர் போனாப்பிறகு எடுக்க ஒருத்தருக்கும் மனம் வரேல்லை" என்றான் லோஜன்.

"அந்த அஞ்சும் எங்களிட்டை வந்து சேரேல்லை ஐயா" என்றாள் பிரதீபா. "அண்ணையின்ரை லப்டொப்பிலை இருக்கும். வீட்டிலை பத்திரமாத்தானே இருக்கு?"

அந்தியேட்டியன்று குடை, செருப்போடு அதையும் சிவசுப்பிரமணியத்தார் தானமாகக் கொடுத்திருந்தார். கொடுப்பதற்கு முதல்நாள் கடையொன்றுக்குக் கொண்டுபோய், உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழிப்பித்தார். கலியாணமாகாத பிள்ளை. என்ன கடிதம், யாருடைய படம் இருக்குமோ? வீட்டு விசயம் வெளியே போகக்கூடாது. எதையும் திறந்து பாராமல், வெறுமையாகும்வரை பக்கத்திலேயே நின்றார்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இல்லைப் பிள்ளை. நான் அழிப்பிச்சனான்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும். மானம் போயிடுமெண்டு."

பிறகு பிரதீபாவே சொன்னாள்: "அப்ப பழசு கிடக்கட்டும் ஐயா. அண்ணையின்ரை எண்டு வேறை ஒண்டும் இல்லையே."

அவர் மகனின் அந்த மூன்று வரிகளையும் மறுபடி வாசித்தார்.

"அவன் எடுக்கச் சொல்லியிருக்கிறான். எடு."

"ஐயா..."

"நான் இஞ்சை இருக்கேக்கையே எடு, பிள்ளை."

அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். போகப்போகும் பாடத்தின் தலைப்பை அவர் நிமிர்ந்திருந்து உரத்து வாசித்தார். எட்டாவது வந்தபோது கல்வெட்டை லோஜனிடம் நீட்டினார். மிச்சம் ஐந்தையும் அவன் வாசித்தான்.