பாலாவுக்கு வந்த தாள்

பர்மாவில், தாமுவே பகுதியில் ஒரு வட்டத்துக்கு மஞ்சுளாதான் தலைவி. பர்மியர்கள் மரியாதையாக டோ மஞ்சுளா என்பார்கள், தமிழர்களுக்கு அக்கா. அதற்குமுன் பதினெட்டு வருஷம் வட்டத்துக்குள் நூறு வீடுகளுக்கு மட்டும் தலைவியாக இருந்தவர். தண்ணீர் மோட்டார்ச் சண்டையும் புருஷன் பெண்சாதி சண்டையும் அவர் வாசலுக்குத்தான் வரும். ஒருமுறை கத்தியோடு நின்ற குடிகாரனை, போலீஸ் வருமுன்பே, பேசிப் பேசியே உட்கார வைத்தார். போன வருஷம் பழைய வட்டத் தலைவர் விலகியபோது அந்த நாற்காலிக்கு ஒருவரும் வரவில்லை. சீட்டுக் குலுக்கினார்கள். மஞ்சுளாவின் பெயர் விழுந்தது.

ஒரு நாள் காலை மேலிட அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. பட்டாளத்துக்குக் கட்டாய அழைப்பு. பெயர் பாலா, வயது முப்பத்து மூன்று. மூன்று தெரு தள்ளி வீடு. ஆளிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்கி, மாலைக்குள் திருப்பித் தர வேண்டும்.

தாளைப் பையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மூன்று தெரு நடந்தார்.

வீட்டில் பாலாவின் தாய் தனபாக்கியம் மட்டும் இருந்தாள்.

"பாலா எங்கே தனம்?"

"ஷ்வேப்யிதா தையல் ஆலைக்கு, வேலைக்கு. ஏன்க்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"சும்மாதான்."

தெருமுனை வரை போனவர் வீடு திரும்பாமல் பஸ் ஏறினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிவிடலாமா என்று எழுந்தார், உட்கார்ந்தார்.

தையல் ஆலை வாசலுக்கு பாலா ஓடிவந்தான். "பெரியம்மா, அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லே." தாளை நீட்டினார்.

படித்துவிட்டு நிமிர்ந்தான். "கையெழுத்துப் போடணுமா?"

மஞ்சுளா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நான் உன்னைப் பாக்கலே. வீட்டுக்குப் போகாதே. புரியுதா?"

"உங்கள என்ன செய்வாங்க பெரியம்மா?"

"அது என் பாடு. போ."

'ஆள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதவிக்கு வந்தபின் அவர் எழுதிய முதல் பொய்.

மேலிட அலுவலகத்துக் குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாளை வாங்கி வைத்துவிட்டு வேறோர் உறையை நீட்டினார். "அவனுக்குப் பதில் இவன்." சிவநாதன், வயது இருபத்தொன்று. மஞ்சுளாவின் எதிர்வீடு.

தனக்கு என்னென்ன நேரும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தார். இது மட்டும் தோன்றவே இல்லை.

"நான் வாங்க மாட்டேன்."

"அப்போ நீங்க தலைவி இல்லே. நாளைக்கு வேற ஆளு கொண்டு போவாரு."

தன்னிடமிருந்த வட்ட முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். நாளைக்கு என்ற சொல் காதில் நின்றது. நடந்தவர் ஓடினார். வெயில் சாயுமுன் சிவநாதன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

சிவநாதன் அன்றே க்யிம்யிண்டைங் ஆற்றுத் துறையில் படகேறித் தப்பிவிட்டான். பாலா பத்து நாள் கழித்துத் தாய்க்குப் போன் செய்தான். மூன்றாவது உறை யாருக்குப் போனது என்று மஞ்சுளாவுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போதும் தெருவில் எந்தப் பையனையாவது இரண்டு நாள் காணவில்லை என்றால், அவன் வீட்டுக்குப் போய் விசாரிக்காமல் அவரால் இருக்க முடிவதில்லை.