புல் வெட்டப் போன சொல்தாவின் கவசங்கள்

1

வீராம்பட்டினத்து அம்மன்மேல் ஆணையாக, கதையில் வருகிறவர்கள் கத்தோலிக்கர்கள் என்பதால் மாதாமேலும் ஆணையாக, இரண்டும் போதாது என்பவர்களுக்காக என் இடது கண்மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. (வலது கண்ணைச் சேர்க்கவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டரே அதற்கு உத்தரவாதம் தரவில்லை.)

கதை எங்கே கிடைத்தது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உப்பளம் என்கிற பகுதியில் ஒரு வீட்டின் துணிக்கயிற்றில், நைட்டிக்கும் துண்டுக்கும் நடுவே, ஒரு காதுமூடி காய்ந்துகொண்டிருந்தது. விமானத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் மாட்டுவார்களே, அந்த மாதிரி. ஆரஞ்சு நிறம், இரண்டு பக்கமும் கொட்டாங்குச்சி அளவுக்குக் கிண்ணம். பக்கத்தில் கம்பிவலை வைத்த முகமூடி ஒன்று. இவ்வளவையும் மாட்டிக்கொள்கிற மனிதர் எதற்குப் பயப்படுகிறார்? அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘புல் வெட்டப் புறப்பட்ட லூசியன், போருக்குப் போகிறவர்போல—’

அடித்துவிட்டேன். லூசியன் நிஜமாகவே போருக்குப் போனவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, எங்கோ ஒரு பாலைவனத்தில் குண்டுச் சத்தம் கேட்டு, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். தெருவில் அவருக்குச் சொல்தா என்றுதான் பெயர். சிப்பாயைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொல்லப்போக, அது ஊரில் ஒட்டிக்கொண்டது. நேரில் கூப்பிடும்போது மட்டும் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா. போருக்குப் போனபோது இதில் பாதிகூட மாட்டிக்கொள்ளவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் தொடக்கம்: ‘ஆடி பிறக்க இன்னும் சில—’

நாள்காட்டியோடு தொடங்கும் கதையில் யாரும் பயப்படுவதில்லை. இதில் நீங்கள் பயப்பட வேண்டும்.

மூன்றாவது நிற்கட்டும்:

லூசியன் முதலில் தடித்த பேண்ட்டை மாட்டினார். அதன்மேல், கணுக்காலிலிருந்து முழங்கால்வரை பிளாஸ்டிக் தடுப்பு. பிறகு இரும்பு முனை வைத்த பூட்ஸ். முழங்கைவரை ஏறும் தோல் கையுறை. ஹெல்மெட். அதிலிருந்து முகத்துக்கு இறங்கும் கம்பிவலை. எல்லாம் பிரான்ஸில், துளூஸில் இருக்கும் மகள் ஏஸ்தெல் பெட்டி போட்டு அனுப்பியவை. ஒவ்வொன்றையும் மாட்டிய பிறகு விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். கடைசியில் காதுமூடி.

காதுமூடியைப் பொருத்திய நொடியில் ஊர் அணைந்துவிடும். காக்கை, ஸ்கூட்டர், பக்கத்து வீட்டு மிக்சி எல்லாம் போய்விடும். மிச்சமிருப்பது அவருடைய மூச்சு மட்டும். அதுவும் அவருடையதாகத் தோன்றாது. வேறு யாரோ பின்கழுத்தில் விடுகிற மூச்சுபோல இருக்கும். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் யாரும் இல்லை.

(இதை எழுதும்போது நானும் திரும்பிப் பார்த்தேன்.)

3

இத்தனை பயத்தோடு எதற்குப் புல் வெட்ட வேண்டும், சும்மா விட்டுவிடலாமே என்பீர்கள். விட்டால் கண்ணாடிவிரியன் வரும். காம்பவுண்டுச் சுவரிலிருந்து தாழ்வாரத்துப் படிவரை புல். படிக்கு மேலே, பிரம்பு நாற்காலியில், வெறுங்காலோடு அகஸ்டினா, லூசியனின் மனைவி. சர்க்கரை வியாதியில் அவருடைய பாதங்களுக்கு உணர்ச்சி போய்விட்டது. கடித்தால்கூடத் தெரியாது.

ஆள் வைத்து வெட்டலாமே என்பீர்கள். வைத்தார். மண்ணாங்கட்டி என்று ஒருவர் வந்தார். புல் வெட்டுவது பெட்ரோலில் ஓடுகிற தள்ளுமெஷின். அடியில் சுழலும் தகட்டில் ஒரு சரளைக்கல் மாட்டினால் துப்பாக்கி மாதிரி விட்டெறியும். அப்படி ஒரு கல் மண்ணாங்கட்டியின் கெண்டைக்காலில் பாய்ந்தது. லூசியன் தன் கவசங்களை எடுத்து நீட்டினார்.

“இத மாட்டிக்கினு நின்னா நாய்ங்க உடாது முசே.”

“நாய்க்கு ஏன்டா காட்டுற? புல்லுக்குள்ள நில்லு.”

மண்ணாங்கட்டி ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்துவிட்டு உடனே கழற்றினார். “மூச்சு முட்டுது. பொட்டிக்குள்ள வச்சு ஆணி அடிச்ச மாதிரி கீது முசே. எனக்கு அந்த வயசு இன்னும் வர்ல.”

கவசமில்லாமல் வெட்ட லூசியன் விடவில்லை. கவசத்தோடு வெட்ட மண்ணாங்கட்டி வரவில்லை. லூசியனே மெஷினைப் பிடித்தார்.

பூட்ஸ் பாம்புக்கு. வலை கல்லுக்கு. அவற்றில் ஒரு குழப்பமும் இல்லை. காதுமூடிதான் அவரைத் தின்றது. பட்டாளத்து வெடிச் சத்தத்தில் வலது காது எப்போதோ போய்விட்டது. மிச்சமிருக்கிற இடது காதையும் மெஷின் சத்தத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, காதுமூடி போடாவிட்டால் அகஸ்டினா கூப்பிடுவது இனி எப்போதுமே கேட்காது. போட்டால் இப்போது கேட்காது.

4

ஒரு நாள் கேட்கவும் இல்லை.

அகஸ்டினாவுக்கு ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வேர்க்கும், நாக்குக் குழறும், கண் செருகும். உடனே வாயில் ஒரு கரண்டி சர்க்கரை போட வேண்டும். போட்டால் எழுந்து உட்கார்ந்து வம்பு பேசுவார். போடாவிட்டால் எழமாட்டார். அன்றைக்குக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். லூசியன் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரமாக மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டுத் தையல்நாயகிதான் பார்த்து ஓடிவந்து, சர்க்கரையைப் போட்டு, கன்னத்தைத் தட்டி எழுப்பிவிட்டு, பிறகு தோட்டத்துக்குள் இறங்கி லூசியனின் ஹெல்மெட்டில் கரண்டியால் ஒன்று வைத்தார்.

“பொண்டாட்டி அங்க சில்லுன்னு ஆயிட்டாங்க, நீங்க இன்னா முசே இங்க உறுமிக்கினு போறீங்க?”

லூசியன் காதுமூடியைக் கழற்றினார். உள்ளே வேர்வை ஊறியிருந்தது.

* தையல்நாயகியைப் பற்றி ஒரு குறிப்பு. நல்ல மனுஷி, ஆனால் இந்தக் கதைக்குச் சரிப்பட்டு வரமாட்டார். ஓடிவந்து காப்பாற்ற ஆள் இருந்தால் பயம் எப்படி வரும்? அதனால் இந்த இடத்திலேயே அவரை முத்தியால்பேட்டையில் அண்ணன் மகள் வளைகாப்புக்கு அனுப்பிவிட்டேன். வீடு பூட்டியிருக்கிறது.

5

லூசியன் வழி தேடினார். முதலில் கயிறு. அவர் இடுப்பு பெல்ட்டில் ஒரு முனை, நாற்காலியில் ஒரு முனை. ஏதாவது என்றால் அகஸ்டினா இழுக்க வேண்டும். முதல் சுற்றிலேயே மெஷின் கயிற்றைத் தின்றது. நல்லவேளை, மறுமுனையை அகஸ்டினாவின் மணிக்கட்டில்தான் கட்டுவேன் என்று அவர் பிடித்த பிடிவாதம் எடுபட்டிருக்கவில்லை.

சத்தம் கேட்காது, ஆகவே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அலமாரியில் ஒரு கொடி இருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் மூவர்ணம், அவர்களுடைய தேசிய நாளான ஜூலை பதினான்குக்கு எடுப்பது.

“ஒடம்பு ஒரு மாதிரி ஆச்சுன்னா இத ஆட்டு. ஓடி வந்துடறேன்.”

“உசுரு போறப்ப நா பிரான்ஸ் கொடிய ஆட்டணுமா?”

“வேற கொடி இருந்தா அத ஆட்டு.”

“உங்கள கட்டிக்கினதுக்கு வெள்ளக் கொடிதான் ஆட்டணும்.”

* அகஸ்டினாவை முதலில் வாயில்லாப் பூச்சியாகத்தான் எழுதினேன். நோயாளி, ஜெபமாலை, கண்ணோரம் நீர். மூன்று பக்கம் போனதும் எனக்கே அலுத்துப்போய் வாயைத் திறந்துவிட்டேன். திறந்தபின் மூடவில்லை. இவர் செத்தால் லூசியனுக்கு வீட்டில் என்ன மிச்சம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பயம் எனக்கும் தொற்றியது அங்கேதான்.

6

ஜூலை பதினான்கு. காலையில் லூசியன் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவுச்சின்னத்துக்குப் போய் மரியாதை செய்துவிட்டுத் திரும்பினார். தாழ்வாரத்துப் படியில் பாம்புச்சட்டை கிடந்தது. ஈரம்கூடக் காயவில்லை.

சாயங்காலம் ஃபாபிரிஸும் மற்றப் பழைய பட்டாளத்துக் கூட்டாளிகளும் வருவார்கள். தோட்டத்தில்தான் நாற்காலி போட வேண்டும். மத்தியான வெயிலிலேயே லூசியன் கவசங்களை எடுத்தார்.

“சாப்புட்டுட்டுப் போங்களேன்,” என்றார் அகஸ்டினா. ஊசி போட்டாகிவிட்டது.

“அரை மணி. முடிச்சிட்டு வந்துடறேன். நீ சாப்புடு.”

“தனியா நா எப்ப சாப்புட்டேன்? வாங்க, ஒண்ணா சாப்புடலாம்.”

பாரிஸில் காலை நடக்கும் அணிவகுப்பு இங்கே மத்தியானம் டிவியில் வரும். டிவி கூடத்துக்குள் இருந்ததால் அகஸ்டினா தாழ்வாரத்து நாற்காலியை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தோட்டத்திலிருந்து பார்த்தால் நாற்காலியின் முதுகு மட்டும் தெரியும். அதற்கு மேலே, ஆட்டினால், கொடி.

லூசியன் சுவரோரத்தில் தொடங்கி வீட்டைப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்தார்.

(இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். அவர் வைத்திருக்கவில்லை.)

பாதித் தோட்டம் முடிந்தபோது கொடி ஆடியது. வேகமாக ஆடியது. லூசியன் மெஷினை விட்டுவிட்டு, எல்லாக் கவசங்களோடும் ஓடி, சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த சர்க்கரையை அள்ளி அகஸ்டினாவின் வாயில் அடைத்தார். வலை முகமும் ஆரஞ்சுக் காதுமாக எதுவோ ஒன்று வந்து தோல் கையால் வாயை அடைப்பதைக் கண்ட அகஸ்டினா, அந்தக் கையைக் கடித்துவிட்டு, சர்க்கரை மொத்தத்தையும் துப்பினார். லூசியன் காதுமூடியைக் கழற்றினார்.

“உங்க ரெஜிமெண்ட்டு போச்சுன்னு ஆட்டுனேங்க.”

அந்த வீட்டில் அது வழக்கம். அகஸ்டினாவின் அப்பாவும் பட்டாளத்துக்காரர். அணிவகுப்பில் வீட்டு ஆளின் படைப்பிரிவு வரும்போது டிவியைப் பார்த்துக் கொடி ஆட்ட வேண்டும் என்று ஏற்படுத்தியவர் அவர். வருஷா வருஷம் லூசியனே ஆட்டுவார். அடையாளத்துக்குக் கொடியைத் தேர்ந்தெடுத்த அன்று அவருக்கு இது நினைவுக்கு வரவில்லை.

“கொடி ஆட்டுனா சக்கர எறங்கிடுச்சுன்னு தான பேச்சு?”

“அப்ப பரேடுக்கு இன்னாத்த ஆட்டுறது, உங்க ஜட்டியையா? இன்னொரு தபா இந்த மூஞ்சோட ஓடி வந்தீங்கன்னா, பாம்பு சக்கர எதுவும் வேணாம், பயத்துலியே போய்ச் சேந்துருவேன். போங்க, போய் முடிங்க.”

போனார். வெட்டினார். படிக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் புல் மிச்சமிருந்தபோது, அந்தப் புல் அசைந்தது. காற்று இல்லை. ஒரு இடத்தில் அசைந்து, நின்று, படியை நோக்கிக் கொஞ்சம் தள்ளி மறுபடி அசைந்தது.

அப்போதுதான் லூசியனுக்கு உறைத்தது. சுவரிலிருந்து வீட்டைப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்தால், புல்லுக்குள் இருந்தது எதுவானாலும் மெஷினுக்குப் பயந்து வீட்டுப் பக்கம்தானே ஒதுங்கும். தோட்டம் முழுக்க இருந்ததை அவரே விரட்டி விரட்டி அந்தப் பாய் அகலத்துக்குள் கொண்டுவந்து சேர்த்திருந்தார். அதற்கு அப்பால் ஒரு படி. அதற்கு அப்பால் உணர்ச்சியில்லாத இரண்டு பாதங்கள்.

அவர் நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

கொடி ஆடியது.

இந்தத் தடவை மெதுவாக. வலதுபக்கம் சாய்ந்து, வெகுநேரம் அங்கேயே நின்று, இடதுபக்கம் சாய்ந்து.

லெழியோன் என்கிற வெளிநாட்டவர் படை அணிவகுப்பில் கடைசியாக வரும். அவர்களுடைய நடை மற்றவர்களைவிட மெதுவானது. வீட்டு ஆள் யாரும் அதில் இல்லாவிட்டாலும் அந்த நடைக்கு ஏற்ற மாதிரியே மெதுவாகக் கொடி ஆட்ட வேண்டும் என்பதும் மாமனார் போட்ட சட்டம்தான். அகஸ்டினா அதைச் சின்ன வயதிலிருந்து சரியாகச் செய்வார். வலதுபக்கம் சாய்ந்து, நின்று, இடதுபக்கம்.

கை தளர்ந்தவர்களும் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

7

இந்த இடத்தில் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் லூசியன் அதே இடத்தில் நிற்கிறார்.

ஒரு முடிவு: அவர் ஓடுகிறார். இரும்பு முனை பூட்ஸ் புல்லுக்குள் இறங்குகிறது. அவரைக் கடிக்க முடியாதது படியேறி— வேண்டாம்.

இன்னொரு முடிவு: கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போகிறார். பாம்புக்குப் பயந்து கொல்லைக் கதவை உள்ளே தாழ்போட்டவர் அவரேதான். கதவைத் தட்டுகிறார். “அகஸ்டினா, தாப்பாளத் தொறடி.” யார் திறக்க—

இன்னொன்று: காதுமூடியைக் கழற்றுகிறார். மெஷின் இரைச்சலுக்கு மேலே டிவியில் பேண்டு வாத்தியம் கேட்கிறது. மெதுவான மெட்டு. அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டுகூடக் கேட்கவில்லை.

தையல்நாயகியைத் திரும்ப வரவழைத்துவிடலாம் என்று போன் செய்து பார்த்தேன். வளைகாப்பில் மேளச் சத்தம் போலிருக்கிறது. எடுக்கவில்லை.

என்னால் இதற்குமேல் முடியவில்லை. மெஷினின் கைப்பிடியில் ஒரு கம்பி இருக்கிறது. பிடித்திருக்கும்வரை ஓடும், விட்டால் நின்றுவிடும். கையுறைக்குள் லூசியனின் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. வேர்வை கண்ணில் இறங்குகிறது. வலைக்கு அந்தப் பக்கம் கொடி வலதுபக்கம் சாய்கிறது. நிற்கிறது. இன்னும் நிற்கிறது. அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.

ஒரே ஒரு தகவலை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இப்போது அந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு புல்கூடக் கிடையாது, அகஸ்டினாவின் சக்கர நாற்காலி தடையில்லாமல் உருள வேண்டும் என்று சுவரிலிருந்து தாழ்வாரம்வரை லூசியனே சிமெண்டு போட்டுவிட்டார்.