பழுதில்லாத கழுத்து

அண்ணன் தோளில் கை வைத்ததுமே தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் தசைவலிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். அவன் பஸ் டிரைவர். கழுத்து வலப்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமை உடல் தகுதிப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு டிப்போவில் உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்தால் செத்தே போவான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

அப்படிப்பட்ட கழுத்தை மகராசன் எப்படிக் கொண்டுவந்திருக்கிறான்? வெந்நீர் ஒத்தடம், தைலம், வலி மாத்திரை, போதாக்குறைக்கு டிப்போ நண்பன் ஒருவனின் முரட்டு உருவல். சோதனைக்குப் போகிற பஸ்ஸைக் கழுவித் துடைத்து, ஆடுகிற கண்ணாடிக்கு அட்டை சொருகி நிறுத்துவார்களே, அதே புத்தி. பழுது கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அவன் ரத்தத்தில் ஊறியது.

கட்டைவிரலால் அவள் அழுத்திய இடத்தில் எல்லாம் ஒன்றுமில்லை என்றே சாதித்தான். மூலையில் நின்ற அண்ணி, ராத்திரியெல்லாம் முனகுகிறார் என்று போட்டு உடைத்தாள். அவளை முறைக்கக் கழுத்தைத் திருப்பினான், முடியவில்லை. உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினான்.

"நீ என் கையை ஏமாத்திட்டே, அண்ணா. இதை ஏமாத்த முடியாது" என்று அல்ட்ராசவுண்ட் கருவியை இழுத்தாள்.

சட்டையைக் கழற்றச் சொல்லிக் குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில் ஜில்லென்று களிம்பைத் தடவிக் கருவியை வைத்தாள். திரையில் தசை, கோடு கோடாகப் படிந்து தெரிந்தது. கொஞ்சம் நகர்த்தியதும் நடுவில் அவரைக்கொட்டை அளவுக்கு ஓர் இருட்டு. அங்கேதான் தசை முடிச்சுப் போட்டுக்கொண்டு கழுத்தைப் பிடித்து இழுக்கிறது. அதற்கும் கீழே, மூச்சுக்கு மூச்சு வழுக்கி நகரும் வெள்ளைக் கோட்டைக் காட்டினாள்.

"அதுக்கு அடியில உன் நுரையீரல். கண்ணால பாக்காம அங்க ஊசி இறக்க மாட்டேன்."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். தங்கை திரையைப் பார்த்தபடியே ஊசியைச் செருகினாள். ஊசியின் வெள்ளைக் கீற்று சாய்வாக இறங்கி, வெள்ளைக் கோட்டுக்கு மேலேயே இருட்டைத் தொட்டது. தசை வெடுக்கென்று துள்ளியது. திரையிலும் துள்ளியது, அண்ணன் வாயிலிருந்து ஒரு அலறலும் வந்தது. அப்படித் துள்ளினால் ஊசி முடிச்சில் சரியாகப் பட்டது என்று அர்த்தம், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். துளி மருந்தைச் செலுத்தி, மறுபடி குத்தினாள். நாலாவது தடவை தசை சும்மா கிடந்தது.

எழுப்பி உட்காரவைத்துக் கழுத்தைத் திருப்பச் சொன்னாள். பயந்து பயந்து திருப்பினான். முகவாய் தோளுக்கு மேலே போய் நின்றது. அண்ணி அழுதாள். இன்றைக்கு வண்டியைத் தொடக்கூடாது, சொல்லித் தருகிற பயிற்சியைத் தினமும் செய்தால்தான் இது நிலைக்கும் என்று டாக்டர் கறாராகச் சொன்னாள்.

அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், சட்டையைப் போடாமல் மறுபடி குப்புறப் படுத்தான்.

"பாப்பா, இடுப்புலயும் ஒண்ணு இருக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல. பாத்துடு."