இரண்டு விரல் இடைவெளி

1

இந்தக் கதை பக்கத்துக் கட்டிலிலிருந்து எடுத்தது. கால் முறிந்து கிடந்த என் தம்பிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு நர்ஸ் ஒரு பெரியவரின் இடது கையைத் துணியால் கட்டிலோடு கட்டுவதைப் பார்த்தேன். கட்டி முடித்ததும், துணிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே தன் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தார். ரத்தம் ஓட வேண்டுமாம். கட்டுவதிலும் இப்படி ஓர் இரக்கம் உண்டா என்று தோன்றியது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: ‘வார்டில் மரணம் நடமாடிக்கொண்டு…’

(வேண்டாம். அங்கே நடமாடியவர் தரை துடைக்கும் அம்மாதான்.)

2

பெரியவர் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன, விழுங்கவும் முடியாது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஊற்றுவார்கள். மிச்சமிருந்த இடது கையால் அதைப் பிடுங்கி எறிவார். ஒவ்வொரு முறையும் மூக்கில் ரத்தம்.

“கியர் போட்ட கை சிஸ்டர், சும்மா இருக்குமா?” என்றான் தம்பி.

“நீ பேசாம படு. அடுத்த கட்டு உன் வாய்க்குத்தான்” என்றார் நர்ஸ்.

பெரியவரின் மகள் சிரிக்கவில்லை. “கட்டியே வைங்க சிஸ்டர். அப்பா பட்டினி கிடந்து சாகுறத நான் பாக்கணுமா?”

“அவருக்கே வேண்டாம்னு இருந்தா?” என்று கேட்டார் நர்ஸ்.

“அவருக்கு என்ன தெரியும்? என்னையே யாரோன்னு பாக்குறாரு.”

டாக்டரும் கட்டத்தான் சொல்லியிருந்தார்.

3

நர்ஸ் கட்டை அவிழ்த்தார். தன் விரலைப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்தார்.

“ஐயா, குழாய் வேண்டாம்னா அழுத்துங்க.”

அழுத்தினார்.

முதல் பிரதியில் கதையை இங்கேயே முடித்திருந்தேன். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகலாம். ஆனால் நர்ஸ் அதோடு நிற்கவில்லை.

“குழாய் இருக்கட்டும்னா அழுத்துங்க.”

அதற்கும் அழுத்தினார். அதே பலத்தோடு.

(இது சம்மதமா, மறுப்பா, கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும் வெறும் பழக்கமா? ‘கடவுள் வழிகாட்டுவார்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். நான் தினமும் வேண்டிக்கொள்கிறவன்தான். ஆனால் மனிதர் சுமக்க வேண்டியதைக் கடவுள் தலையில் போட்டுவிட்டு நழுவுவது பக்தி ஆகாது.)

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நர்ஸ் மறுபடி கட்டுகிறார். பெரியவர் பிழைத்து, கட்டிய கையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். இன்னொன்றில் கட்டாமல் விடுகிறார். குழாய் வெளியே வருகிறது, மகள் நர்ஸின் சட்டையைப் பிடித்து… இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

மூன்றாவதில் நர்ஸ் துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு மகளிடம் சொல்கிறார்: “டாக்டர் வந்ததும் நான் பேசுறேன். அதுவரைக்கும் ஐயா கைய நீங்க பிடிச்சுக்கங்கம்மா. துணிக்கு உங்க கை எவ்வளவோ தேவலை.”

இதையே நல்ல முடிவு என்று நம்பினேன். சின்னச் சின்ன இரக்கங்கள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் பாருங்கள், நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனதும், பெரியவரின் கை மகளின் கைக்குள் இருந்தபடியே மெல்ல மேலே எழுகிறது. மூக்கை நோக்கி. மகள் இறுக்குகிறாள். அவர் இழுக்கிறார். அவர் கண்கள் அவளையே பார்க்கின்றன; யாரென்று தெரிந்த பார்வை.

“சிஸ்டர்…”

நர்ஸ் அங்கே வாந்தி எடுக்கும் ஒருவரின் தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். விட்டுவிட்டு வர முடியாது. நானும் பேனாவை மூடிவிட்டேன். அந்தக் கட்டிலருகே நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். பிடிக்கச் சொல்வீர்களோ, விடச் சொல்வீர்களோ, சீக்கிரம் சொல்லுங்கள். அவளுக்குக் கை வலிக்கத் தொடங்கிவிட்டது.