நாலு நிமிடக் குரல்

"இந்தச் சால்வையைக் கொஞ்சம் மேலை இழுத்துக் கட்டுங்கோ. ஓட்டை தெரியுது."

நாகமுத்து சால்வையை இன்னும் கீழே இறக்கிவிட்டார். தொண்டைக் குழியில் செருகியிருந்த குழாய் வெள்ளையாய் வெளியே தெரிந்தது. மடியில் கிடந்த சின்னப் பலகையை எடுத்து எழுதி மனைவியிடம் நீட்டினார்.

'தெரியட்டும்கா. குரல் படத்தில இருக்கு.'

இமெல்டா கார் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இண்டைக்குச் சரியான குளிர். நாளைக்கு டொக்டரிட்டைப் போக ரேர்மினும் குடுத்திருக்கு. திரும்பிப் போவமோ?"

"அம்மா, மூண்டாம் தரம் கேக்கிறீங்கள்" என்றாள் காரை ஓட்டிய மகள் யூலியா. "அப்பாவின்ரை படம். முதல் முதலா அவர்தான் கதாநாயகன். உங்களுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. தலை சுத்துது."

"வீட்டிலையிருந்து பத்து நிமிசம். அதுக்குள்ளை தலை சுத்துதோ?"

நாகமுத்து பலகையைத் துடைத்து மறுபடி எழுதினார். 'செத்தாலும் போவன்.'

இந்தப் படத்துக்காக அவர் ஏற்கெனவே பாதி செத்திருந்தார் என்பது இமெல்டாவுக்குத் தெரியும். மீதியும் கோடையைத் தாண்டாது என்று போன கிழமை வைத்தியர் சொன்னார்.

நாகமுத்து வாகரைப் பக்கத்துக் கடலோர வேடர் குடியில் பிறந்தவர். அகதியாக வந்து, கொலோனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நாளில் யாரோ ஒரு படக்காரன் அவருடைய முகத்தைக் கண்டுவிட்டான். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருடம் ஜெர்மன் தொலைக்காட்சியில் அந்த முகம் வந்து போனது. ரோசாப்பூ விற்பவர், கள்ளக் கடத்தல்காரர், ஆற்றில் மிதக்கும் பிணம். கோடைகாலத்துத் திறந்தவெளி அரங்குகளில் இறகு வைத்த செவ்விந்தியர். ஒருமுறை அமேசான் காட்டுப் பூசாரி.

"உன் பாஷையில் எதையாவது சொல்லு, கோபமாகச் சொல்லு" என்று நெறியாளர்கள் சொல்லுவார்கள். இவரும் சொல்லுவார். அமேசான் பூசாரி கண்ணை உருட்டி வெள்ளைக்காரனைச் சபித்தபோது, "கருவாட்டைப் பூனை தூக்கிட்டுப் போகுது, ஓடிப்போய்க் கலைகா" என்றுதான் சபித்தார். அவர் குடியிருந்த டோர்ட்மண்ட் நகரத்துத் தமிழ்ச்சனம் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கடையில் கருவாடு வாங்கும்போதெல்லாம், "பூசாரி, பூனை கவனம்!" என்பார்கள்.

ஜெர்மனில் வசனம் பேசிய பாத்திரங்களில் அந்தக் கருவாடும் மிஞ்சவில்லை. அவர் வாய் அசையும். பிறகு யாரோ ஒரு ஜெர்மன்காரனின் குரலை அதன் மேல் ஒட்டிவிடுவார்கள். "உச்சரிப்பு சரியில்லையாம்" என்று வீட்டுக்கு வந்து சொல்லுவார். "எண்ட முகம் வேணும், எண்ட சத்தம் வேணாம்."

பிறகுதான் ஹைக்க என்ற நெறியாளர் வந்தாள். முதியோர் இல்லம் ஒன்றில், தான் படித்த ஜெர்மன் எல்லாவற்றையும் மறந்துகொண்டு போகும் ஒரு கிழவனின் கதை. கடைசி நாலு நிமிடம் அவன் தன் சொந்தப் பேச்சில் பேசிச் சாகிறான். "உங்கள் குரல்தான். வேறு யாருடையதும் இல்லை" என்று அவள் சொன்ன அன்று நாகமுத்து சாப்பிடவேயில்லை.

படப்பிடிப்பின் நடுவில்தான் தொண்டையில் புற்று என்று கண்டார்கள். குரல்வளையை உடனே எடுக்கவேண்டும் என்றார் வைத்தியர். கடைசிக் காட்சி எடுக்க இன்னும் மூன்று கிழமை இருந்தது.

"மூண்டு கிழமை பிந்தினா அது பரவுமாம்! குரலுக்காக உயிரைக் குடுக்கப் போறியளோ?" என்று இமெல்டா கத்தினாள்.

"எப்பிடியும் குரல் போகப்போகுது. போற குரல் எங்கயாவது கிடக்கட்டும்கா" என்றார் அவர்.

பிந்தினார். பரவியது.

குரல்வளையை எடுத்த பிறகு அவர் இரண்டு கிழமை மயக்கத்தில் கிடந்தார். அந்த நேரத்தில்தான் படக் கொம்பனி அந்த நாலு நிமிட ஒலிப்பதிவை இமெல்டாவுக்கு அனுப்பி, திரையின் கீழே ஜெர்மனில் எழுத்துப் போட மொழிபெயர்த்துத் தரச் சொன்னது. வைத்தியசாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் இருந்து, காதில் மாட்டிக் கேட்டாள்.

கரகரத்த குரல். "பெத்தவள் கண்ணாத்தை. அவளைப் பெத்தவள் வெள்ளச்சி. அவளைப் பெத்தவள்..." காட்டுக்குத் தேனெடுக்கப் போகுமுன் அவருடைய தாய் செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வழி கேட்பாளாம். அதைத்தான் கூப்பிடுகிறார். இடையிடையே தமிழே இல்லாத சொற்கள். பிறகு தெளிவாக, "வேடத்தி பெத்த வேடன் வாறன், வழி விடுங்க."

இமெல்டா பட்டென்று நிறுத்திவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்த தாய்க்கு முப்பது வருடத்துக்கு முன் அவள் எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. 'மாப்பிள்ளை மட்டக்களப்பு டவுன். வாத்தியார் குடும்பம்.' அந்தக் கடிதத்துக்காகத்தான் தமையன் பேனாட் கலியாணத்துக்கு வந்தார். பேனாட்டின் மகள்மாரைக் கட்டிக்கொடுத்த இடங்களிலும் அதே வாத்தியார் கதைதான். இந்தப் படம் டோர்ட்மண்டில் ஓடப்போகிறது. முழுச்சனமும் வரும்.

கொம்பனியிலிருந்து ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். "மொழிபெயர்த்துவிட்டீர்களா?"

"அது சரியான தமிழில்லை. நோய் வருத்தத்தில் உளறியிருக்கிறார். நான் நல்ல வசனமாக எழுதித் தருகிறேன்."

"அப்படியானால் வேறு யாரையாவது பேசவைக்க வேண்டும். குரலும் மிகவும் அடைத்திருக்கிறது. அவர் பேச முடியாத நிலையில், குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் தேவை."

கணவன் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம் இமெல்டாவின் கைப்பையில் இருந்தது. கையெழுத்து வைத்தாள். நாகமுத்து கண் விழித்த அன்று சொல்ல நினைத்தாள். அவர் முதன்முதல் பலகையில் எழுதியது, 'குரல் பத்திரமா?' அவள், "ஓம்" என்றாள்.

படமாளிகை நிறையச் சனம். பேனாட் பான் நகரத்திலிருந்து மனைவியோடு வந்து முன்வரிசை பிடித்திருந்தார்.

"மச்சான், கதாநாயகன் எண்டா பிந்தித்தான் வரவேணுமோ? இண்டைக்குக் கருவாடு வருமோ படத்திலை?"

நாகமுத்து சிரித்தார். சிரித்தபோது குழாய் விசிலடித்தது.

படம் ஓடியது. ஒன்றரை மணித்தியாலம் நாகமுத்து கதிரையின் நுனியில் இருந்தார். கடைசிக் காட்சி வந்ததும் இருட்டில் இமெல்டாவின் கையைத் தேடிப் பிடித்தார். திரையில் அவருடைய முகம் மட்டும். உதடு பிரிந்தது.

"அம்மா, நான் உன்னிடம் வருகிறேன். என்னை உன் மடியில் ஏற்றுக்கொள். என் பயணம் முடிந்தது, அம்மா..."

வானொலியில் வாசிப்பதுபோல மணியான குரல். பின்னால் இருந்து யாரோ மூக்கை உறிஞ்சி அழுதார்கள். இமெல்டாவின் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. திரையில் உதடு ஒன்றைச் சொல்ல, குரல் வேறொன்றைச் சொல்லி முடிக்கும்வரை அவர் அசையவில்லை.

வெளிக்கூடத்தில் சனம் சூழ்ந்துகொண்டது.

"மச்சான்! என்ன தமிழடாப்பா!" பேனாட் அவருடைய தோளை உலுக்கினார். "யாழ்ப்பாணத்தானே தோத்துப் போவான். வாத்தியார் வீட்டுப் பிள்ளையெண்டு காட்டிப்போட்டீர்."

யூலியாவின் முகம் சிவந்திருந்தது. "மாமா, சும்மா இருங்கோ. அது அப்பாவின்ரை குரல் இல்லை. களவெடுத்துப் போட்டாங்கள். அப்பா, நான் வழக்குப் போடுறன்!"

அதற்குள் ஹைக்க பூங்கொத்தோடு வந்துவிட்டாள். நாகமுத்துவைக் கட்டிக்கொண்டாள். "மன்னியுங்கள், எனக்கும் உங்கள் குரலைத்தான் வைக்க விருப்பம். ஆனால் உங்கள் மனைவி எழுதித் தந்த வசனமும் அழகாகத்தான் இருந்தது. நீங்கள் சம்மதித்ததாகவே எனக்குச் சொன்னார்கள்."

நாகமுத்துவுக்கு ஜெர்மன் விளங்கும். யூலியா தாயைப் பார்த்தாள்.

"அம்மா?"

"நான்தான் கையெழுத்து வைச்சனான்" என்றாள் இமெல்டா.

"ஏன்?"

யூலியா ஹைக்கவிடம் திரும்பி, பழைய ஒலிப்பதிவு எங்கே என்று ஜெர்மனில் கேட்டாள். கொம்பனி மூடியாயிற்று; கோப்பெல்லாம் தொலைக்காட்சி நிலையத்தின் களஞ்சியத்தில் கிடக்கிறது; அன்ராக் என்று விண்ணப்பம் போடவேண்டும், ஐந்தாறு மாதம் செல்லும் என்றாள் ஹைக்க.

"உங்களிட்டை வந்தது, அம்மா? ஃபோனிலை இருக்கோ?"

"அழிச்சுப்போட்டன்."

ஐந்தாறு மாதம் என்றால் கோடை முடிந்துவிடும். நாகமுத்து, இமெல்டா, யூலியா மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது. பேனாட் ஒன்றும் விளங்காமல் முழித்தார். நாகமுத்து பலகையை எடுத்து மெதுவாக எழுதினார்.

'கேட்டியா நீ?'

"ஓம். கேட்டனான்."

'பேரைச் சொல்லு.'

"வீட்டை போய்க் கதைப்பம். இஞ்சை எல்லாரும்..."

அவர் பலகையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். பலகை இறங்கவில்லை.

இமெல்டா தமையனைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"கண்ணாத்தை" என்றாள்.

"ஆரது கண்ணாத்தை?" என்றார் பேனாட்.

"என்ரை மாமி. இவரைப் பெத்தவ. வேடத்தி, அண்ணை. வாத்தியாரும் இல்லை, டவுனும் இல்லை. நான் உங்களுக்கு எழுதினது முழுக்கப் பொய்."

பேனாட்டின் கை நாகமுத்துவின் தோளிலிருந்து இறங்கியது. அவருடைய மனைவி கோட்டைத் தேடினாள். "எங்கடை பிள்ளையளின்ரை மாமியார் வீடுகளுக்கு இப்ப என்ன சொல்லுறது?" என்று அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

நாகமுத்து அவர்களைப் பார்க்கவேயில்லை. விரலால் பலகையைத் தட்டினார். மேலே சொல்.

"அவவைப் பெத்தவ வெள்ளச்சி."

தட்டினார்.

"அவவைப் பெத்தவ..."

இமெல்டா நின்றுவிட்டாள். அவள் மனதில் நின்ற பெயர்கள் அவ்வளவுதான். அதற்குப் பிறகு கொஞ்சம் கேட்டது, "வேடத்தி" என்ற சொல்லில் எல்லாம் அடைபட்டுப்போனது.

"தெரியாதுங்கோ. நான் மிச்சத்தைக் கேக்கேல்லை. எழுதுங்கோ, நான் சொல்லுறன். இந்தாங்கோ பேனை, எழுதுங்கோ."

அவர் பேனையை வாங்கவில்லை. அந்தப் பெயர்களை அவர் எழுத்தில் கண்டதேயில்லை, தாயும் கண்டதில்லை; அவை வாயால் கூப்பிடுவதற்கு மட்டும் உள்ளவை. வாயைத் திறந்தார். உதடு குவிந்தது, விரிந்தது, நாக்கு மேலே தொட்டு இறங்கியது. கழுத்துக் குழாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"என்னங்கோ? இன்னொருக்கால் சொல்லுங்கோ. மெல்லச் சொல்லுங்கோ."

அவர் இன்னொருமுறை சொன்னார். இமெல்டா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே, இரண்டாவது காட்சிக்கு மணி அடித்தது.