தகரத்தில் வெட்டிய பாவாடை

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துப் பிடிக்கவில்லை. மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில் அதுவாக வந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துப் பொருத்துகிற பெண் என் பழைய கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "என்ன சார், இதைப் போட்டுக்கிட்டா எழுதுறீங்க? எவ்ளோ தூசி!" என்றாள். அத்தோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் 'தூசி' என்ற சொல் வாயில் வந்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. சொந்தக் குழந்தையின் பெயரை யாரோ சொன்னதுபோல ஒரு மலர்ச்சி.

"தூசியைப் பிடிக்கறதுக்கு நான் ஒண்ணு செஞ்சிருக்கேன் சார். கையாலேயே. வீட்டுலயே!"

சொல்லிக்கொண்டே விரலால் காற்றில் ஒரு சுழல் வரைந்தாள். மேலே அகலமாகத் தொடங்கி, கீழே வரவரக் குறுகி, ஒரு புள்ளியில் முடிகிற சுழல். எனக்குப் பின்னால் நின்றவர்களும் கழுத்தை நீட்டினார்கள். அவள் சொல்லி முடித்தபோது எனக்குக் கை பரபரத்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, புதுக் கண்ணாடியை வாங்காமலே வந்துவிட்டேன் என்று.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "மரத்தூள் பனிபோல மெல்ல இறங்கிக்கொண்டிருந்த..."

வேண்டாம். மரத்தூள் அப்படியெல்லாம் அழகாக இறங்காது. மாவு மாதிரி அப்பிக்கொள்ளும்.

இரண்டாம் முயற்சி: "அக்கா ஒரு கொடுமைக்காரி."

நறுக்கென்று இருக்கிறது. வாசகர் கட்டாயம் அடுத்த வரிக்குப் போவார். இதை வைத்து முழுதாக மூன்று பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

மூன்றாம் முயற்சி, இதுதான் நிற்கிறது:

ஒரே வீட்டில் அக்காவும் தங்கையும். முன்னறையில் பெரியவள் துணி தைக்கிறாள். பின்னறையில் சின்னவள் மரம் அறுக்கிறாள். நடுவே ஒரு கதவு. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூடாது, வெயில்காலத்தில் சுருங்கி இடைவெளி விடும். ஆக மொத்தம், எந்தக் காலத்திலும் அது கதவு வேலையைப் பார்த்ததில்லை.

(பெரியவளுக்குக் கணவர் உண்டு. இரண்டாவது வரைவில் அவரையும் உள்ளே கொண்டுவந்தேன். மனிதர் தேநீர் குடித்துக்கொண்டு, "விடுங்களேன், எதுக்குச் சண்டை" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வேளையாக, இது நடந்தபோது அவர் வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தார். கதையில் கூட்டம் குறைந்தது.)

சின்னவளுக்கு மரம் பிழைப்பல்ல, பித்து. பகல் முழுக்கக் கண்ணாடிக் கடை. விடுமுறை வந்தால் பின்னறையில் வட்ட ரம்பம். ரம்பத்தின் பின்னால் வீட்டைச் சுத்தம் செய்கிற வேக்குவம் கிளீனரைச் செருகியிருந்தாள். பெருந்தூளை அது இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நைசுத் தூள் அதன் வடிகட்டியை அடைத்துவிடும். அடைத்ததும் மிஷின் ஊளையிடுமே தவிர ஒன்றையும் உறிஞ்சாது. அப்புறம் தூளெல்லாம் அறை முழுக்க, அறையிலிருந்து கதவு இடுக்கு வழியாக, முன்னறை முழுக்க.

முன்னறையில் அப்போது தொங்கிக்கொண்டிருந்தது ஒரு மேடைப் பாடகியின் வெள்ளை சாட்டின் கவுன்.

3.

ஒரு விடுமுறை மதியம். பெரியவள் மூடியிருந்த துணியை விலக்கிவிட்டுக் கவுனின் தோள்பட்டையை விரலால் தடவினாள். விரல் பழுப்பாக வந்தது. அந்த விரலை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள்.

"இது என்ன?"

சின்னவள் ரம்பத்தை நிறுத்தினாள். "விரல்."

"நக்கல் பண்ணாதே. இது என்னன்னு கேட்டேன்."

"தூள்... தேக்கு."

"தேக்கோ பாக்கோ. அந்தக் கவுன் இந்த வீட்டை விட்டுப் போற வரைக்கும் உன் ரம்பம் ஓடக்கூடாது. போனதுக்கப்புறம் ஓடலாமா வேண்டாமான்னு உட்கார்ந்து பேசலாம்."

"ஓடலாமா வேண்டாமாவா? என்னக்கா இப்படிச் சொல்றே?"

பெரியவள் ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கி, மின்கம்பியைக் கழற்றிச் சுருட்டிக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் கொடுமைக்கார அக்கா இங்கேதான் பிறந்தாள். துணிதான் உயிர், தங்கை அப்புறம். எழுத எழுத எனக்கே அவள்மேல் கோபம் வந்தது. கோபத்தில் எழுதிய பக்கங்கள் வேகமாக ஓடும். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

4.

ரம்பம் போனால் என்ன, கை இருக்கிறதே! சின்னவள் அன்றைக்கே வேலையில் இறங்கினாள். தூள் வடிகட்டிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே அதைப் பிரித்துவிட்டால்? மர ஆலைகளின் கூரைமேல் நிற்குமே, பெரிய தகரக் கூம்புகள், அதில் ஒரு குட்டி!

அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்: "காத்து நேரா உள்ள வரக்கூடாது சார். சுவரை உரசிக்கிட்டு பக்கவாட்டுல நுழையணும். நுழைஞ்சா சுத்தியே ஆகணும், வேற வழியில்ல. சுத்தும்போது தூள் வெளிப்பக்கம் ஒதுங்கி, சுவத்துல தேய்ஞ்சு, வேகம் போயி, சறுக்கிக்கிட்டே கீழே இருக்கற டப்பாவுல விழுந்துடும். காத்து மட்டும் நடுக்குழாய் வழியா மேலே ஏறி வேக்குவத்துக்குப் போயிடும். தூளுக்கு ஒரு வழி, காத்துக்கு ஒரு வழி!"

[ஓர் இடைக்குறிப்பு: இதைச் சோதித்துப் பார்க்க நான் ஒரு கோப்பைத் தேநீரைக் கரண்டியால் கலக்கினேன். தேயிலைத் துகள்கள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் குவிந்தன! கதையே தப்பு என்று பதறிக் கடைக்கு ஓடினேன். அவள் சிரித்தாள். "கப்புக்கு அடியில தரை இருக்கு சார். தரை உரசித் தண்ணியோட வேகம் குறையுது, தூளை நடுவுக்கு இழுத்துடுது. அதான் என் கூம்புக்கு அடியில தரையே வைக்கல. ஓட்டைதான்." எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் பரவசம் முழுதாக இருந்தது. இந்த முறை கண்ணாடியை மறக்காமல் வாங்கிக்கொண்டேன்.]

முதலில் ஒரு காலி பிளாஸ்டிக் பெயிண்ட் வாளி. மூடியில் இரண்டு ஓட்டை, இரண்டு குழாய். ஏற்கெனவே பெருக்கி வைத்திருந்த தூளைத் தரையில் கொட்டி, வேக்குவத்தைப் போட்டாள். சுழன்றது! வாளியின் பக்கத்தில் காதை வைத்தால் சரசரவென்று மணல் ஓடுகிற ஒலி. சின்னவள் துள்ளிக் குதித்தாள். குதித்த குதியில், கீழே கிடந்த துடைக்கிற துணியைக் குழாய் கவ்விக்கொண்டது. உள்ளே போகக் காற்றில்லை. வேக்குவமோ இழுத்துக்கொண்டே இருக்கிறது.

படார்!

வாளி நான்கு பக்கமும் உள்ளே அமுங்கி, யாரோ மிதித்த காகிதக் கோப்பை மாதிரி சுருண்டது. பெரியவள் வாயில் குண்டூசியோடு ஓடி வந்தாள். ஊசிகளைத் துப்பிவிட்டுத்தான் பேசவே முடிந்தது.

"என்னடி ஆச்சு? கை காலெல்லாம் இருக்கா?"

"வாளி செத்துப்போச்சுக்கா."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். பெரியவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"இதைத்தான் தினமும் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள். "நீ என்னமோ நான் கவுனுக்காகக் கத்தறேன்னு நெனச்சுக்கிட்டிருக்கே. துணியைத் துவைச்சுடலாம்டி. உன் நுரையீரலைத் துவைக்க முடியுமா?"

நான் இரண்டாம் முறை கடைக்குப் போனபோதுதான் சின்னவள் இந்த வரியைச் சொன்னாள்; என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வில்லையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் வீட்டுக்கு வந்து அந்த மூன்று பக்கத்தைக் கிழித்தேன்.

5.

அடுத்தது நெளியாத ஒன்றாக இருக்க வேண்டும். தகரம். கூம்பு.

மேலே அகலம், கீழே குறுகல். சின்னவள் தகரத்தில் நான்கு நேர்க்கோடு போட்டு, வெட்டி, சுருட்டினாள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. மறுபடி வெட்டினாள். மறுபக்கம் தூக்கிக்கொண்டது. பெரியவள் தேநீர் கொண்டுவந்தவள், நின்று பார்த்தாள்.

"இது என்னது?"

"கூம்பு."

"மிதிபட்ட தொப்பி மாதிரி இருக்கு."

"ஏன்னே தெரியலக்கா, ஓரம் சமமாவே வர மாட்டேங்குது."

"நேர்க்கோட்டுல வெட்டினா எப்படி வரும்? வளைச்சு..." பெரியவள் நிறுத்தினாள். தேநீரைக் கீழே வைத்தாள். தகரத்தைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தாள், சுருட்டிப் பார்த்தாள். "அட, இது பாவாடைடி!"

"என்னக்கா சொல்றே?"

"அம்ப்ரெல்லா கட் பாவாடை! தலைகீழாப் பிடிச்சிருக்கே, அவ்வளவுதான். இடுப்புச் சுத்து எவ்ளோ?"

"எதுக்கு இடுப்பு?"

"கீழ் ஓட்டைதான் இடுப்பு. சுத்தளவு சொல்லு. மேல் வாய்தான் விளிம்பு, அதையும் சொல்லு. உயரத்தை நேரா அளந்தியா, சாய்வா அளந்தியா?"

"நேரா."

"அதான் கோளாறு. பாவாடை உடம்புல சாஞ்சுதானே இறங்குது? சாய்வுல அளக்கணும்."

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். உண்மை இவ்வளவு அழகாக வந்து பொருந்தினால் வாசகர் நம்புவாரா? கதைக்காரன் ஜோடித்தது என்பாரோ? கொஞ்சம் கோணலாக்கிப் பார்த்தேன். நன்றாக இல்லை. நடந்தது நடந்தபடியே இருக்கட்டும்.)

செய்தித்தாளைத் தரையில் விரித்தார்கள். நூலின் ஒரு முனையைச் சின்னவள் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டிப் பெரியவள் வளைத்தாள். சின்ன வளைவு ஒன்று, பெரிய வளைவு ஒன்று. விசிறி மாதிரி ஒரு வடிவம்.

"தையலுக்கு ஓரம் விடு."

"தகரத்துக்கு எதுக்குத் தையல்?"

"ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வேண்டாமா?"

தகரத்தை வெட்டும்போது சின்னவளின் கை அக்காவின் பெரிய கத்தரிக்கோல் பக்கம் போனது. "அதைத் தொட்டே, மழுங்கிடுச்சான்னு உன் கையிலதான் வெட்டிப் பார்ப்பேன்," என்றாள் பெரியவள். தகரம் வெட்டுகிற கத்தரிதான் கடைசியில் வேலைக்கு வந்தது. சுருட்டினார்கள். துணி உலர்த்தும் கிளிப்புகளை வரிசையாகப் போட்டு இறுக்கினார்கள். ஓரம் ஓரத்தோடு போய் உட்கார்ந்தது, ரிவிட் ஆணி அடிப்பதற்கு முன்பே. பெரியவள் அந்தக் கூம்பைத் தலைகீழாக்கித் தன் முன்னால் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பாவாடை விழுறதைப் பாரு! என்னமா விழுது!"

6.

இங்கே 'வெற்றி' என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் முதல் ஓட்டத்தில் தூள் மொத்தமும் வேக்குவத்துக்குள்ளேயே போய்விட்டது. கூம்புக்குக் கீழே வைத்த கண்ணாடி ஜாடி காலி. சின்னவள் சோர்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடுக்குழாய் குட்டையாக இருப்பதாக நினைத்து அதை நீட்டினாள். கொஞ்சம் தேறியது. இன்னும் போதவில்லை. எங்கேயோ காற்று கசிகிறது. எங்கே? கீழே ஒரு மயிரிழை ஓட்டை இருந்தாலும் அதன் வழியாகக் காற்று புகுந்து, விழுகிற தூளை மறுபடி மேலே தூக்கிவிடும்.

பெரியவள் தன் ரவிக்கையில் ஒட்டியிருந்த ஒரு நூல் பிசிறை எடுத்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மூட்டு மூட்டாகப் பிடித்துப் பார்த்தாள். ஜாடி மூடியருகே நூல் நடுங்கியது. பிறகு விறைத்து, இடுக்குக்குள் தலையை நீட்டியது.

"இங்க குடிக்குது பாரு காத்தை!"

பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மூடிக்குள் போட்டார்கள். வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள்.

ஜாடிக்குள் பழுப்பாக ஒரு சுருள் இறங்கியது. முதலில் நூலளவு, பிறகு கயிறளவு. கண்ணாடியின் உட்புறத்தில் சுற்றிச் சுற்றி வந்து, அடியில் அடங்கியது. இருவரும் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். வேக்குவத்தைத் திறந்தபோது வடிகட்டி வாங்கின அன்றைக்கு இருந்ததுபோல இருந்தது.

"அக்கா!"

"கத்தாதே, பக்கத்துலதான் இருக்கேன்."

"அக்கா, அக்கா, அக்கா!"

7.

இனி வருவது நான் தடுமாறும் இடம்.

பாடகி கவுனை வாங்கிக்கொள்ள வரவேண்டிய நாள். காலையில் பெரியவள் பின்னறைக்கு வந்தாள். ஒரு கையில் சுருட்டிய மின்கம்பி. இன்னொரு கையில், கொக்கியில் மாட்டிய வெள்ளைத் துணி. அதை ரம்பத்துக்கு நேரெதிரே சுவர் ஆணியில் தொங்கவிட்டாள்.

"அறு," என்றாள்.

"அக்கா, வேண்டாம். ஒருவேளை..."

"நீதானே செஞ்சே? அறு."

சின்னவள் தேக்குப் பலகை ஒன்றை வைத்து ரம்பத்தை ஓட்டினாள். அது முடிந்ததும் இன்னொன்று. வெட்டு கொஞ்சம் கோணலாகவே போனது. ரம்பம் நின்றது. பெரியவள் துணியின் அருகே போய், விரலைத் துடைத்துக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகத் தடவினாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். தங்கைக்கும் காட்டினாள். விரலில் ஒன்றுமில்லை.

சாயங்காலம் பாடகி வந்து கவுனைப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று பாடியே காட்டிவிட்டுப் போனாள். ரம்பம் அந்த வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. இருமல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. முகமூடி போடாமல் அறுத்தால் பெரியவள் இன்னமும் பிளக்கைப் பிடுங்குகிறாள்.

இதில் எதையும் நான் மாற்றவில்லை. என் தடுமாற்றம் வேறு. அன்றைக்கு ஆணியில் தொங்கியது எது?

சின்னவள் அடித்துச் சொல்கிறாள்: "கவுனேதான் சார். கழுத்துல வச்ச முத்து மின்னினதை நான் பார்த்தேன். கெட்டுப்போயிருந்தா அக்காவோட பேரே போயிருக்கும். அப்படியும் கொண்டுவந்து மாட்டினா சார்!"

நான் வீட்டுக்கே போய்ப் பெரியவளைக் கேட்டேன். அவள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கவுனையா? எனக்கென்ன கிறுக்கா? மிச்சம் விழுந்த உள்துணி, கவுனுக்கு லைனிங் வச்சது. ஊசி குத்திக் கொக்கியில மாட்டினேன்."

"பொய்!" என்றது பின்னறை.

"நீ ரம்பத்தைப் பார்த்தியா, துணியைப் பார்த்தியா?" என்றது முன்னறை.

"துணியைத்தான்! அதனாலதான் வெட்டு கோணலாச்சு!"

நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். கவுன் என்று எழுதினால், தங்கைமேல் வைத்த நம்பிக்கையை வெளியே சொல்லிக்கொள்ளாத பெரிய மனசுக்காரி ஆகிறாள் பெரியவள். உள்துணி என்று எழுதினால், தங்கை நம்ப விரும்பியதை நம்ப விட்டுவிட்டு, தன் வேலையையும் காத்துக்கொண்ட கெட்டிக்காரி ஆகிறாள். இந்த இரண்டு பெரியவளையுமே எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசியாகக் கிளம்பும்போது பெரியவளின் முகத்தைப் பார்த்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். உதடு விரிந்தது சிரிப்பாலா, நூலாலா என்று சொல்ல முடியவில்லை.

ஆகவே ஆணியை இங்கே காலியாக விடுகிறேன். ரம்பம் ஓடத் தயாராக இருக்கிறது, சின்னவள் பலகையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள். எந்தத் துணியை மாட்ட வேண்டுமோ, அதை நீங்களே மாட்டுங்கள்.